அட்டைக்காரம்மா தீர்த்த பழி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். சில விஷயம் மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற ஆள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் அவள் இரண்டேகால் வருடம் குடியிருந்தாள். பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும், கூடக் குறைய. அவள் பேர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் எழுதப்போவதில்லை. தெருவில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. அட்டைக்காரம்மா என்பார்கள். வயதில் எனக்கு இருபது சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் தாயி என்பேன். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை.

ஒல்லியான ஆள், நல்ல உயரம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள். எங்கேயோ பெரிய ஊரில் ஆராய்ச்சி வேலை பார்த்து, அங்கே ஒரு சண்டையாகி, இரண்டு இரும்புப் பெட்டியும் ஒரு பூதக்கண்ணாடி மெஷினும் நிறைய கண்ணாடி ஜாடியும் கொண்டுவந்து இறங்கினாள். ஜாடி எல்லாவற்றிலும் ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி. எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் ஈரப்பாசி போட்ட பாட்டிலில் உயிரோடு பிடித்துவந்து கொடுப்பார்கள். பட்டினி போட மாட்டாள். பதினைந்து நாளைக்கு ஒருதரம் தன் இடது கையை நீட்டி, ஒவ்வொன்றாக ஏறவிட்டுக் குடிக்க வைப்பாள். எனக்கு அருவருப்பாக இருக்கும். வளர்க்கிறவள்தானே சோறு போடணும் என்பாள்.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவள் எதையும் விட மாட்டாள். யாராவது அவளுக்குத் தப்புச் செய்தால் சத்தம் போட மாட்டாள், சபிக்க மாட்டாள். அன்றைக்கு உள்ள காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். பழி தீர்ந்த அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துக் கசக்கி மெஷினின் கண்ணாடியைத் துடைப்பாள். அவள் பழி தீர்க்கிற விதமும் ஒன்றே ஒன்றுதான். செய்தவன் செய்ததை அவன் வாயாலேயே, அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி அடிக்க மாட்டாள். அதற்குக் கீழே விடவும் மாட்டாள்.

குரங்கணி ரோட்டில் ஓடுகிற ஜீப்பு டிரைவர் ஒருவன், இவள் பாட்டில்களோடு ஏறியபோது, அட்டை மனுசன் ரத்தத்தைக் குடிக்கும், இந்தம்மா அட்டை ரத்தத்தைக் குடிக்கும் என்று சொல்லி ஜீப்பு முழுக்கச் சிரிக்க வைத்தான். பாட்டில் உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று பாதி வழியில் இறக்கியும் விட்டான். மழையில் நடந்து வந்தாள். ஒரு தாள் டப்பாவுக்குள் போனது.

நாலு மாதம் கழித்து அதே டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு வாரமாக ஒரு பக்க மூக்கில் ரத்தம் நிற்காமல் வருகிறது, உள்ளே ஏதோ நெளிகிறது. ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தபோது குட்டி அட்டை ஏறியிருக்கிறது. இவள் அவனை மாடிப்படியில் உட்கார வைத்தாள். அன்றைக்கு ஜீப்பில் இருந்த பெண்களில் மூன்று பேர் அந்த நேரம் அட்டை கொடுக்க வந்திருந்தார்கள், அவர்களையும் போகவிடவில்லை. மூக்குக்கு நேராக ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரை ஏந்திப் பிடித்துக் காத்திருந்தாள். தண்ணீர் வாசத்துக்கு அட்டை ஒரு விரல் நீளம் வெளியே வந்தது. இடுக்கியால் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை.

"அன்னிக்கு ஜீப்புல என்னமோ சொன்னீங்களே தம்பி, மறந்துபோச்சு. இன்னொருக்கா சொல்லுங்க."

மூக்கில் அட்டை தொங்க, அவன் அதே வார்த்தையைச் சொன்னான். அப்புறம்தான் இழுத்தாள். அவன் போனபின் நான் கேட்டேன், ஏன் தாயி, அந்த அட்டையை இன்னும் கொஞ்சம் நேரம் உள்ளே விட்டிருக்கலாமே என்று. அவளைவிட எனக்குத்தான் ஆத்திரம் ஜாஸ்தி. அவள் சொன்னாள், அட்டைக்கு என்ன பாவம், அவன் ரத்தத்தையே குடித்துக்கொண்டு கிடக்கணுமா என்று.

அவள் செய்த வேலை என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல ஒரு நாள் சாக்கும் கோணி ஊசியும் எடுத்துவரச் சொன்னாள். ஊசியில் சணலைக் கோத்து, சாக்கின் உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று ஏழு தடவை குத்தி எடுத்தாள். நரம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இந்தச் சாக்கு மாதிரி ஒரு தோல் இருக்கிறதாம். அந்தத் தோலில் இப்படி ஏழு தையல் போட்ட மாதிரி ஒரு புரதம் குத்திக்கொண்டு நிற்கிறதாம். அதுதான் நரம்பின் காது.

"வெளிய தொங்குற பக்கத்துல ஒரு சரக்கு வந்து ஒட்டும். ஒட்டுனா இந்தத் தையல் லேசா முறுக்கிக்கும். முறுக்குனா, உள்பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கிற வேலையாள் கழண்டு ஓடுவான். மிச்ச வேலையெல்லாம் அவன் பாத்துக்குவான். வந்த சரக்கு உள்ள வர்றதே இல்ல அக்கா."

என் மருமகள் வேலைக்குப் போகிற எஸ்டேட்டு முதலாளியும் காட்டுக்குள் வரவே மாட்டார், கேட்டில் நின்று ஹார்ன் அடிப்பார், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிதான் ஓடுவான் என்றேன். அதேதான் என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

வருகிற சரக்கில் இரண்டு வகை சொன்னாள். ஒன்று சின்னது, அமைன் என்று பேர். இன்னொன்று பாசிமணி கோத்த சரம் மாதிரி, பெப்டைடு. அதது ஒட்டுவதற்கு அததற்கு வேறு வேறு காது. ஒரே சரக்கே ஒரு காதில் ஒட்டினால் எழுப்பும், இன்னொரு காதில் ஒட்டினால் அடக்கும். பசித்த அட்டைக்கு ஒரு அமைன் உடம்பில் நிறைய இருக்குமாம், குடித்து முடித்ததும் குறைந்துவிடுமாம். வயிறு நிறைந்த அட்டையை அந்தச் சரக்குக் கலந்த தண்ணீரில் விட்டால் மறுபடியும் கடிக்கக் கிளம்பும் என்றாள். அந்தக் கங்காணிக்கு அது எந்நேரமும் நிறையத்தான் இருக்கும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அட்டையின் இருதயம் ஒரு குழாய் மாதிரி இருக்கும். பாசிமணிச் சரக்கு ஒன்றை அதன் மேல் ஒரு சொட்டு விட்டு, துடிப்பு மாறுவதை எனக்கு மெஷினில் காட்டியிருக்கிறாள்.

அந்த இருதயத்தில்தான் அவளுடைய பெரிய பழி இருந்தது. அவள் கண்டுபிடித்த ஒன்றை அவளுடைய பெரிய வாத்தியார் தன் பேரில் போட்டுக்கொண்டார். போட்டதோடு, அதன் மேல் தன் சொந்த முடிவு ஒன்றையும் சேர்த்து எழுதினார். அந்த முடிவு தப்பு என்பது இவள் எண்ணம். அதைத் தப்பு என்று காட்டினால் அத்தனை பேர் முன்னாலும் அவர் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் வேலையை விட்டு, அட்டை கிடைக்கிற ஊர் தேடி இங்கே வந்தது. ஒன்றரை வருடம் ஒரே சோதனை. கடைசியில் ஒரு நாள் சோறு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். மேலே போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாத்தியார் எழுதினதுதான் சரி என்று அட்டை சொல்லிவிட்டதாம்.

மாற்றி எழுது தாயி, இங்கே யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"பழிக்காக அட்டையைப் பொய் சொல்ல வைக்க முடியாதுக்கா. திருடுன ஆளு சொன்னதுங்கிறதுக்காக நிஜம் பொய்யாயிடுமா?"

அப்படியே எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். வாத்தியாரின் தாள் மட்டும் டப்பாவிலேயே கிடந்தது. திருட்டு திருட்டுதானே.

இப்போது என் மருமகள் ஈஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஈஸ்வரி போடிமெட்டுக்கு மேலே கேரளா பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போவாள். விடிந்ததும் ஜீப்பு. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து எடுக்க வேண்டும். சாரல் காலத்தில் அட்டை காலில் சரம்சரமாக ஏறும். பொயிலையும் சுண்ணாம்பும் தேய்ப்பார்கள், உப்புத் துணி கட்டுவார்கள், எதற்கும் அடங்காது. நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து பிய்த்துப் போடுவதில் வேலை கெடுகிறது என்று அங்கே ஆட்களை மேய்க்கிற கங்காணிக்கு எரிச்சல். அந்த வருடம் அவன் ஒரு எண்ணெய் கொண்டுவந்து எல்லோருக்கும் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். அட்டை நிஜமாகவே விழுந்தது. எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

ஒரு நாள் மதியம் ஈஸ்வரியை ஜீப்பில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பு ஐஸ் மாதிரி. கூப்பிட்டால் அசைவில்லை. நாடி அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிக்கிறது. கண்ணுமணி கடுகாகச் சுருங்கியிருக்கிறது. கூட வந்த கங்காணி, செடிக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டது என்று சொன்னான். டாக்டர்கள் அதற்குத் தக்கபடிதான் பார்த்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒன்றரை நாள் கழித்து விழித்தாள். குடிக்கவே இல்லை என்று சொன்னாள். குடித்தவர்கள் எல்லோரும் விழித்ததும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

நானும் அவள் தலையைத் தடவிக்கொண்டே, ஏன் ஆத்தா குடித்தாய் என்று கேட்டேன்.

கல்யாணம் ஆன பெண் மருந்து குடித்தாள் என்றால் தெரு அதோடு விடுமா. ஒரு ஆளைச் சேர்த்துக் கதை கட்டினார்கள். என் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஊரெல்லாம் போகிறவன், போகிற இடமெல்லாம் இதைக் கேட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பொட்டிபுரத்துக்கு, அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். யாருக்காகக் குடித்தாயோ அவனிடமே போ என்று சொன்னானாம். இனி இந்த வீட்டுக்கு அவள் வரக்கூடாது என்று எங்களிடம் சொன்னான்.

நான் மாடிக்கு ஓடினேன். படித்தவள் நீ, ஈஸ்வரி குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என ஒரு வார்த்தை என் மகனிடம் சொல்லு, நீ சொன்னால் கேட்பான் என்று கெஞ்சினேன். எனக்குத் தெரியாதே அக்கா என்றாள். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றேன். பொய் சொல்லிக் காப்பாற்றினால் நாளைக்கு எவனாவது அந்தப் பொய்யை உருவி எடுப்பான், அதோடு நிஜமும் செத்துப்போகும் என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயால் திட்டத் தெரியாது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை நிறுத்திவிட்டேன். மூன்று நாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பேருக்கும் ஒரு தாள் டப்பாவுக்குள் போயிருக்கும். ஆனால் அந்தக் குழாயடியில்தான் அவள் ஈஸ்வரியைப் பற்றி என்னென்ன பேசுகிறார்கள், யார் யார் பேசுகிறார்கள் என்று முழுக்கக் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அன்றைக்கு ஈஸ்வரி உடுத்தியிருந்த துணி எங்கே என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த மூட்டை அவிழ்க்காமலே கிடந்தது. உள்பாவாடையில் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. வேப்பெண்ணெய் வாசத்துக்கு அடியில் பெயிண்ட் வாசம் அடித்தது. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, ஈஸ்வரிக்கு வாயில் எச்சில் வடிந்ததா, காய்ந்து கிடந்ததா என்று கேட்டாள். காய்ந்துதான் கிடந்தது, தண்ணீர் தண்ணீர் என்றுதான் விழித்தாள் என்றேன். செடி மருந்து குடித்தவர்களுக்கு எச்சில் வழியுமாம். சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்டாள். முதல் நாள் ஏறியிருந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்றேன். அவ்வளவு நேரம் சாந்தமாக இருந்த முகம் மாறிப்போனது.

அன்றைக்கே இரண்டு பேரும் பொட்டிபுரம் போனோம். ஈஸ்வரி மூலையில் சுருண்டு கிடந்தாள். எல்லோரும் அவளை ஏன் என்றுதான் கேட்டோம். இவள் அதைக் கேட்கவே இல்லை.

"காலையில இருந்து சொல்லு. காலுக்கு என்ன போட்ட?"

ஈஸ்வரி அழுதுவிட்டாள். அழுதபடியே சொன்னாள். கங்காணி கொடுத்த எண்ணெயை மற்றவர்கள் கணுக்காலில் தொட்டுத் தேய்ப்பார்கள். ஈஸ்வரிக்கு அட்டை கடித்த புண் நிறைய, சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. அதனால் தொடை வரைக்கும் வழிய வழியத் தேய்த்து, எண்ணெய் மழையில் கழுவிப் போகாமல் இருக்க உர மூட்டையின் பிளாஸ்டிக் தாளை மேலே சுற்றிக் கட்டியிருக்கிறாள். கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். பாதி பாட்டில் எண்ணெய் அவள் சோற்றுப்பையிலேயே இருந்தது.

ஈஸ்வரியின் அம்மா வீட்டுப் பசுவிடமிருந்து உண்ணி பிடித்துத் தரச் சொன்னாள் அட்டைக்காரம்மா. இரண்டு டிபன் மூடியில் தாள் போட்டு, ஒரு தாளில் சும்மா வேப்பெண்ணெய், ஒரு தாளில் இந்த எண்ணெய் தொட்டு வைத்தாள். எது எது என்று தனக்கே தெரியக்கூடாது என்று என்னை மூடிகளை மாற்றி வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். மூன்று தடவை செய்தாள். ஒரு மூடியில் உண்ணிகள் மந்தமாக ஊர்ந்தன. இன்னொரு மூடியில் எட்டுக் காலும் படபடவென்று அடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் தவித்தன. மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள்.

அது மாட்டு உண்ணி மருந்து. கங்காணி வீட்டில் மாடு உண்டு. மாட்டுக்குப் பூசினால் உண்ணி கழன்று விழுகிறதே, அட்டையும் விழும் என்று வேப்பெண்ணெயில் கலந்து கொடுத்திருக்கிறான். அட்டை விழுந்தது அந்த மருந்துக்கா, அதில் கலந்திருக்கிற பெயிண்ட் வாசத் தைலத்துக்கா என்று தனக்குத் தெரியாது என்றாள், மண்ணெண்ணெய்க்கும்தான் விழும். ஆனால் ஈஸ்வரிக்கு நடந்ததை அவளால் சொல்ல முடிந்தது. நமக்குப் பயம் வந்தால் உடம்பில் ஒரு சரக்கு ஓடும் இல்லையா, பூச்சிக்கும் உண்ணிக்கும் அதற்குப் பதிலாக ஆக்டோபமைன் என்று ஒன்று. எட்டுக் கை உள்ள ஒரு கடல் பிராணியின் எச்சில் சுரப்பியில் முதலில் பார்த்ததால் அந்தப் பேராம்.

"உண்ணியோட அந்தக் காதுல மருந்து ஒட்டிக்கிட்டு, எந்திரி எந்திரின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். கடிச்ச இடத்துல நிக்க முடியாம விழுந்துரும். மனுசனுக்கு அந்தக் காது இல்ல, அது நிஜம்தான். ஆனா அதோட சித்தப்பன் மகன் மாதிரி ஒரு காது நமக்கு இருக்கு. இந்த மருந்து அதுலயும் ஒட்டும். அந்தக் காது கேட்டு நடத்துற வேலை வேற. அடங்கு, தூங்கு, மெதுவா அடி. உண்ணி துள்ளும், ஆளு சாஞ்சிரும். சர்க்கரையை அடக்குற சுரப்பியிலயும் அதே காது இருக்கு, அதான் ஏறி எறங்கியிருக்கு."

நான் பாட்டிலை எடுக்கப் போனேன். அந்த எண்ணெயைக் கொடு, அவன் சோற்றில் ஊற்றுகிறேன் என்றேன். பாட்டிலை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள்.

"ஊத்துனா அவன் தூங்குவான்க்கா. தூங்குறவனுக்கு என்ன வெக்கம்? அவன் முழிச்சிருக்கணும்."

ஒரு பங்கு எண்ணெயை மதுரையில் தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்க்க அனுப்பினாள். அதே மருந்துதான் என்று காகிதம் வர ஒரு மாதம் ஆனது. அது வரும் வரை அவள் அசையவில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் நெருப்பில் நின்ற மாதிரி இருந்தது. வந்த மறுநாள் காலையில் எஸ்டேட்டு ஜீப்பில் நாங்கள் இருவரும் ஏறினோம்.

மேலே பேர் கூப்பிடுகிற இடத்தில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். கங்காணி நோட்டோடு நின்றான். என்னைப் பார்த்ததும், ஆத்தா, அது குடித்துவிட்டது, நடந்தது நடந்துபோச்சு, மனதை விடாதீர்கள் என்று ஆறுதல் சொன்னான். இவள் பாட்டிலைக் கல்லின் மேல் வைத்தாள். இது நீங்கள் கொடுத்த எண்ணெய்தானே, உண்ணி மருந்து கலந்ததுதானே என்று கேட்டாள், காகிதத்தையும் காட்டினாள். அவன் மழுப்பிப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் எல்லோரிடமும் அந்தப் பாட்டில் இருந்தது.

"ஆமா, கலந்தேன். உங்க நல்லதுக்குத்தான செஞ்சேன்? பூச்சிக்கு உள்ள மருந்து, ஆளுக்கு ஒரு கெடுதலும் இல்ல. மாட்டுக்கே ஒண்ணும் ஆகல."

"அப்ப நீங்க தேய்ச்சுக் காட்டுங்கண்ணே. ஈஸ்வரி தேய்ச்ச மாதிரியே, தொடை வரைக்கும். மேல பிளாஸ்டிக் தாளு சுத்திக் கட்டிருவோம். சாயங்காலம் வரைக்கும் நான் பக்கத்துல உக்காந்து நாடி பாக்குறேன்."

பையிலிருந்து துணியையும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்து வைத்தாள்.  அவன் சிரித்துப் பார்த்தான். பின்னால் இருந்து வயதான ஒருத்தி, என்னண்ணே, கால் கூசுதா என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்து அது வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆண்பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியறியாதவள் நான். துணியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு போய் அவன் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"காலை நீட்டுங்கண்ணே."

நீட்டியிருந்தால் தேய்த்திருப்பேன். புண் இல்லாத காலானால் சொறிந்து புண்ணாக்கித் தேய்த்திருப்பேன். அவள் என்னைத் தடுத்திருப்பாளா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியாது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இரண்டடி பின்னால் போனான். வேணாம் என்றான். ஏன் என்று கேட்டாள். தூக்கம் வரும் என்றான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அப்போது அவன் வாயிலிருந்து அது வந்தது. போன வருடம் மாட்டுக்குப் பூசும்போது கையில் வழிந்து, ஒரு நாள் முழுக்கக் கிறுகிறுவென்று வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தானாம்.

தெரிந்தே கொடுத்திருக்கிறான். ஈஸ்வரி சாய்ந்த உடனே அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்னத்தால் சாய்ந்தாள் என்று. தெரிந்தேதான், ஈஸ்வரி மருந்து குடித்தாள் என்று பொய் சொல்லியிருக்கிறான்.

இதை எப்படித் தீர்ப்பது என்று அவள் தானாக முடிவு செய்யவில்லை. பொட்டிபுரத்துக்குப் போய் ஈஸ்வரியிடம் கேட்டாள். காகிதத்தோடு போலீசுக்குப் போகலாமா, இல்லை அவனைக் குழாயடிக்குக் கூட்டிவரட்டுமா என்று. எனக்கு இரண்டும் வேண்டும். ஈஸ்வரிக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"போலீசுல அவன் சொன்னா காகிதத்துலதான கெடக்கும்? என்னையப் பேசுனவளுக காதுல விழணும். எனக்குக் குழாயடிதான் வேணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வருகிற காலை நேரம். தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றார்கள். கங்காணி வெள்ளை வேட்டி கட்டி வந்தான், கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி. என் மகனையும் வரச் சொல்லியிருந்தோம், எதற்கு என்று சொல்லவில்லை. ஈஸ்வரியை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்தப் பிள்ளை மருந்து குடிக்கவில்லை, நான் கொடுத்த எண்ணெயால்தான் விழுந்தது, என் வேலை போய்விடும் என்று பயந்து பொய் சொன்னேன் என்று.

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்வரி போய் அதை மூடினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. சத்தமா."

சொன்னான். தலையை நிமிர்த்திச் சொல்லுங்கள் என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னான். அவன் குரல் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை. சாமி கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். வயிறு குளிர்ந்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அது என்ன என்று தெரிந்துகொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் மகன் முன்னால் வந்து, வா, வீட்டுக்குப் போவோம் என்றான். ஈஸ்வரி நகரவில்லை. பொட்டிபுரத்தில் என்னை இறக்கிவிட்டபோது என்ன சொன்னாயோ அதை நீயும் சொல்லு என்றாள். அவன் அத்தனை பெண்கள் முன்னால் நின்று, யாருக்காகக் குடித்தாயோ அவனிடமே போ என்று சொன்னேன் என்று சொன்னான்.  பெற்ற வயிறு எனக்கு. ஆனாலும் நான் குறுக்கே போகவில்லை.

அப்புறம் ஈஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அட்டைக்காரம்மா குடத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

அந்தத் தெருவில் நாற்பது வருடம் குடியிருந்தும் நான் சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"நானுந்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில வெச்சு, ஏன் குடிச்சன்னு அவள நானே கேட்டேன்."

ஈஸ்வரி குனிந்து என் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்தக் காகிதத்தை முதலாளிக்கு அனுப்பமாட்டேன் என்று அட்டைக்காரம்மா கங்காணிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அனுப்பவும் இல்லை. நாற்பது வாய் இருக்கும்போது காகிதம் எதற்கு, ஒரு மாதத்துக்குள் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அடுத்த சாரலுக்குள் அவளும் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டாள். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை.

இதில் மருந்து, காது, சர்க்கரை என்று நான் எழுதியதெல்லாம் அவள் சொல்லக் கேட்டது. தப்பாகக் காதில் வாங்கியிருப்பேன். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடவும். போன மாதம் மாட்டு மருந்துக் கடையில் அந்த மருந்தைப் பார்த்தேன், டப்பாவில் பொடி எழுத்து, என் கண்ணுக்கு எட்டவில்லை. மனுசர் உடம்பில் பூசக்கூடாது என்று அதில் தமிழிலும் மலையாளத்திலும் போட்டிருக்கிறதா என்று யாராவது போய் வாசித்துப் பார்த்துச் சொல்லவும். மலையில் மாடு வைத்திருக்கிற கங்காணிகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.